120 இராத்தல் புகையிலையும் ஒரு காதற்கதையும்

பகடையை உருட்டுகிறான் ஒருவன். இரு காய்களிலும் ஒற்றைப் புள்ளியே விழுமானால் நகரம் சென்று மனைவி ஒருத்தியைக் கொண்டு வருவது. வேறு எண் விழுமானால் தனியாகவே காலம் கழிப்பது. இதுதான் அவன் தனக்குத் தானே விதித்துக்கொண்ட நிபந்தனை. உருளுகின்றன காய்கள். விழுகிறது இரண்டிலும் ஒற்றைப் புள்ளி. புறப்பட்டுவிடுகிறான் மணமகளைத் தேடி! தேடுவதற்குக் காடும் மலையும் கடக்க வேண்டியதில்லை. கப்பலில் வந்து இறங்கியிருக்கிறார்கள் பெண்கள். விரும்பியவளிடம் பேசலாம்; அவள் இசைந்தால் மணக்கலாம்; மணந்தபின் புகையிலையை நிறுத்துக் கொடுக்கலாம்.

அமெரிக்க எழுத்தாளர் மேரி ஜான்ஸ்டன் எழுதி 1900ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'டு ஹாவ் அண்ட் டு ஹோல்டு' என்னும் நாவலின் தொடக்கம் இது. அவ்வாண்டில் அந்நாட்டில் மிகுதியாக விற்ற நாவல் என்ற பெயர் அதற்கு உண்டு. பின்னர் இருமுறை ஊமைப்படமாகவும் எடுக்கப்பட்டது. வீரம், வாட்போர், கடற்கொள்ளையர், காட்டுவழி, காதல் என்று கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத விறுவிறுப்புடன் செல்லும் கதை. எழுத்தாற்றலை யாம் மறுப்பதற்கில்லை. மனைவியைச் சூதில் பணயம் வைத்த கதையைப் புண்ணியக் கதை என்று கேட்டு வளர்ந்த நாட்டிலே பிறந்த நமக்கு, பகடையும் பெண்ணும் ஒரே பக்கத்தில் வருவது புதிதும் அன்று. ஆயினும் இந்த நாவலைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. விற்பனை ஒன்று காதலாக உருமாறும் வித்தையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் வேறொன்றை யாம் படித்ததில்லை.

கணக்கேடு கூறுவது

கதையை ஆராயுமுன் கதைக்கு அடியில் கிடக்கும் வரலாற்றை அறிந்துகொள்வோம்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1607இல் ஆங்கிலேயர் அமைத்த குடியேற்றம் ஜேம்ஸ்டவுன். அதை அமைத்தது அரசனின் படையன்று. இலண்டன் செல்வர்கள் பங்குபோட்டு நடத்திய வர்ஜீனியா கம்பெனி. கம்பெனி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எதுவோ, அதற்கு இது நெருங்கிய உறவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராக விளங்கிய சர் தாமஸ் ஸ்மித்தே 1619 வரையில் வர்ஜீனியா கம்பெனிக்கும் பொருளாளர் என்ற பெயரில் தலைமை தாங்கியவர். ஒரு கை கிழக்கே நீண்டது மிளகுக்கு. மறு கை மேற்கே நீண்டது மண்ணுக்கு.

மண் கிடைத்தது. அம்மண்ணுக்கு உரிய பழங்குடி மக்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது. புகையிலை விளைந்தது. ஆனால் விளைவித்த ஆடவர் அங்கே வேரூன்றவில்லை. நாலு காசு சேர்ந்ததும் இங்கிலாந்துக்குத் திரும்பிவிடவே எண்ணினர். பெண்கள் மிகச் சிலரே இருந்தனர். 1608இல் ஒரு சீமாட்டியும் அவளுடைய பணிப்பெண்ணும் முதன்முதலாக வந்து இறங்க, அந்தப் பணிப்பெண்ணாகிய ஆன் பர்ராஸ் என்பாளை ஒரு தொழிலாளி அவ்வாண்டே மணந்துகொண்டான். அக்குடியேற்றத்தில் நடந்த முதல் ஆங்கிலத் திருமணம் அதுவே. முதல் மணமகள் பணிப்பெண் என்பதைத் தோழர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் தேவைப்படும்.

1619இல் தலைமைக்கு வந்த சர் எட்வின் சாண்டிஸ், ஆடவரை அம்மண்ணோடு பிணைக்க ஒரு வழி கண்டார். மனைவி வந்தால் வீடு வரும், வீடு வந்தால் மக்கள் வருவர், மக்கள் வந்தால் மனிதன் ஓடமாட்டான். ஏறத்தாழ 90 பெண்கள் 1620இல் அனுப்பப்பட்டனர். 1621இல் 'மார்மடியூக்', 'வார்விக்', 'டைகர்' என்னும் கப்பல்களில் மேலும் 50க்கும் மேற்பட்டவர் சென்றனர். இம்முறை கம்பெனியின் கஜானாவில் பணம் இல்லை. ஆகவே பெண்களை அனுப்புவதற்கென்றே தனியாகப் பங்கு திரட்டினர். பங்கு போட்டவர் முதலுக்கு வருவாய் வேண்டுமல்லவா? மணப்பவன் ஒரு பெண்ணுக்கு 120 இராத்தல், அதாவது 120 பவுண்டு எடையுள்ள, முதல்தர இலைப் புகையிலை செலுத்த வேண்டும் என்று 1621 ஆகஸ்டில் கம்பெனி கடிதம் எழுதிற்று. அடுத்த மாதமே அது 150 இராத்தலாக உயர்ந்தது.

அக்கடிதத்தில் மற்றொரு விதியும் உண்டு. பெண்களுள் எவரேனும் இறந்துபோனால், அவளுக்குரிய தொகையை எஞ்சியோர் மீது பங்கிட்டு ஏற்ற வேண்டுமாம்! நடுக்கடலில் ஒருத்தி கண்மூடினால் கரையில் மற்றவள் விலை ஏறும். சாவுக்குக் கண்ணீர் இல்லை, கணக்கில் ஒரு வரி உண்டு. பானை பத்து அனுப்பினேன், இரண்டு உடைந்தது, எட்டின் விலையை ஏற்று என்று சொல்லும் வணிகன் முறைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

நேர்மையான ஆய்வுக்கு மறுபக்கத்தையும் கூறவேண்டும். அவர்கள் அடிமைகள் அல்லர். திருமணம் அவரவர் விருப்பப்படியே நடக்கவேண்டும், எவரையும் வற்புறுத்தலாகாது என்று அதே கம்பெனி எழுதிற்று. மணம் முடியும்வரை நல்ல குடும்பங்களில் தங்கவைக்கச் சொல்லிற்று. மறுக்கும் உரிமை ஏட்டில் இருந்தது. ஆனால் உடனே இன்னொரு வரி வருகிறது: ஒப்பந்த வேலைக்காரர்களுக்கு இவர்களைக் கட்டிக்கொடுக்கலாகாது, வசதியுள்ளவர்க்கே தரவேண்டும். ஏன்? வேலைக்காரனிடம் புகையிலை ஏது? ஆக, விருப்பம் என்னும் வாயில் திறந்திருந்தது. அவ்வாயிலில் தராசு ஒன்றும் தொங்கியது. தராசைத் தாண்டி வர முடிந்தவனைத்தான் அவள் விரும்பலாம்.

அந்தப் பட்டியல்

1621இல் சென்ற பெண்களின் பட்டியல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், மாக்டலின் கல்லூரியில் உள்ள ஃபெரார் குடும்பத்தின் தாள்களிடையே இருக்கிறது. பெயர், வயது, பிறந்த ஊர், தந்தை செய்த தொழில், யார் பரிந்துரைத்தார், என்ன வேலை தெரியும் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் 16 முதல் 28 வயதிற்குள் அடங்குவர். தந்தையை இழந்தவர் பலர். கைத்தொழிலாளர் மகளிர் உண்டு. வசதி குன்றிய நல்ல குடும்பத்து மகளிரும் உண்டு. ரொட்டி சுடத் தெரியும், பீர் வடிக்கத் தெரியும், வெண்ணெய் எடுக்கத் தெரியும், ஊசிவேலை தெரியும் என்று நற்சான்றுகள் கூறுகின்றன. பாவாடை, மேற்சட்டை, காலுறை, கையுறை, தொப்பி, முன்றானைத் துணி, காலணி என்று அவர்களுக்கு அளித்த உடைகளுக்கும் கணக்கு உண்டு.

படிக்கும்போது உள்ளத்தை உறுத்துவது ஒன்று. அவளுக்கு என்ன தெரியும் என்று பட்டியல் கூறுகிறது; அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை.

தந்தையில்லாத, சீர் கொடுக்க வழியில்லாத பெண்ணுக்கு அன்றைய இங்கிலாந்தில் இருந்த வழிகள் எத்தனை? பிறர் வீட்டில் ஏவல் செய்வது; அல்லது கிடைத்தவனுக்குக் கழுத்தை நீட்டுவது. ஆயினும் கடல்தாண்டிச் செல்ல எல்லோரும் துடித்தனர் என்று எண்ணிவிட வேண்டாம். 1618இல் சாமர்செட் வட்டாரத்தில், கன்னியரை வர்ஜீனியாவுக்குப் பிடித்தனுப்ப அரசாணை பெற்றிருப்பதாகப் பொய் கூறி ஒருவன் பணம் பறித்தான். செய்தி பரவியதும் ஒரே ஊரிலிருந்து 40 பெண்கள் பெற்றோருக்கும் தெரியாத இடங்களுக்கு ஓடி ஒளிந்தனர். பெயரைக் கேட்டே பெண்கள் ஓடிய அந்நாட்டுக்கு, மூன்றாண்டு கழித்துத் தாமே கப்பலேறிய 16 வயதுப் பெண்ணின் நெஞ்சில் என்ன இருந்திருக்கும்? துணிவா? வறுமையா? இரண்டும் கலந்த ஏதோ ஒன்றா? பெருங்கதை ஒன்று அங்கே காத்துக் கிடந்தது. எழுத வந்தார் மேரி ஜான்ஸ்டன். எதை எழுதினார்?

உயர்குலத் தலைவி

நாவலின் தலைவன் ரால்ஃப் பெர்சி. பகடை விழுந்தவுடன் ஜேம்ஸ்டவுன் வருகிறான். அங்கே திருவிழாக் கோலம். கப்பலில் வந்த பெண்களைச் சுற்றி ஆடவர் கூட்டம். ஒருவன் மண்டியிட்டு வசனம் பேசுகிறான். ஒருவன் கையைப் பற்றி இழுக்கிறான். இன்னொருவன் தனக்கு இத்தனை ஏக்கர், இத்தனை வேலையாட்கள், இத்தனை புகையிலை என்று சொத்துக் கணக்கை ஒப்பிக்கிறான். நாவலாசிரியர் இதை நகைச்சுவையாகத் தீட்டியிருக்கிறார். படிப்பவர் சிரிக்கின்றனர். அந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை, தனி முகம் இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. அவர்கள் ஒரு கூட்டம். ஒரு பின்னணித் திரை.

அத்திரையின் முன்னே ஒருத்தி மட்டும் நிற்கிறாள். நிமிர்ந்த தலை, கனல் பறக்கும் விழி, தீண்ட வந்தவனைச் சீறும் பெருமிதம். பெர்சி அவளை மீட்டு, அங்கேயே மணம் பேசி, உடனே முடித்து, புகையிலையும் கொடுத்துவிடுகிறான். பின்னர்தான் தெரிகிறது, அவள் ஏழைப் பெண் அல்லள். ஜோஸ்லின் லீ என்னும் பிரபுகுல நங்கை. மன்னனின் காப்பில் வளர்ந்த செல்வி. மன்னனின் செல்லப்பிள்ளையான கார்னல் பிரபுவை மணக்க விரும்பாமல் மாறுவேடத்தில் கப்பலேறியவள். பிரபு தேடிக்கொண்டு வருகிறான். மோதல் தொடங்குகிறது. வெறுத்தவள் மெல்ல மெல்லக் கணவனை விரும்பலாகிறாள். விலை கொடுத்து வாங்கியவன் வீரத்தால் அவளை வென்றெடுக்கிறான்.

இங்கேதான் வித்தையைக் காணவேண்டும், தோழர்களே! 120 இராத்தல் புகையிலைக்கு ஒரு பெண் என்ற செய்தி வாசகன் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி. சுட்டதா? சுட்டது. ஆனால் எந்த இடத்தில்? "இத்தகைய உயர்குலப் பெண்ணையா இந்த விலைக்கு?" என்ற இடத்தில்! விற்பனையின் மீது எழவேண்டிய சினம், விலை தவறிவிட்டதே என்ற வியப்பாக மாற்றப்படுகிறது. பொற்காசைச் செப்புக்காசாக எண்ணி எடுத்துக்கொண்டுவிட்டான் தலைவன் என்பதே கதையின் சுவை. அப்படியானால் செப்புக்காசுகளைப் பற்றி என்ன? அவற்றை வாங்கலாம், விற்கலாம். அதில் குறையொன்றும் இல்லை என்பதுதானே பொருள்?

நாவல் இதை வாய்திறந்து கூறவில்லை. கூறியிருந்தால் வாசகன் மறுத்திருப்பான். கூறாமல் உணர்த்துகிறது, அதனால்தான் வாசகன் ஏற்றுக்கொண்டுவிடுகிறான். பிறப்பால் உயர்ந்தவளுக்கு மானம் உண்டு. மற்றவர்க்கு மாப்பிள்ளை கிடைத்தால் போதும். வருணம் என்ற சொல்லே அறியாத நாட்டில் எழுதப்பட்ட கதைக்குள்ளும் பிறப்பின் பெருமை எவ்வளவு எளிதாகக் குடியேறிவிடுகிறது, பார்த்தீர்களா?

நமக்கும் இது புரியாத செய்தி அன்று. குடிசையில் வளர்ந்த பெண்ணைச் செல்வன் விரும்புவான், எதிர்ப்பு எழும், இறுதிக் காட்சியில் அவள் ஜமீன்தாரின் காணாமற்போன மகள் என்று தழும்போ சங்கிலியோ சாட்சி கூறும், சுபம்! இத்தகைய திரைக்கதைகளுக்கு நாம் எத்தனை முறை கைதட்டியிருப்போம்? அவள் குடிசையின் மகளாகவே இருந்திருந்தால் அக்காதல் தகாததா என்று எழுந்து கேட்டோமா?

பேஷன்ஸ் வொர்த் எங்கே?

நாவலில் ஒரு சிறு செய்தி உண்டு. படிப்போர் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவர். ஜோஸ்லின் லீ கப்பலேறியது தன் பெயரில் அன்று. பேஷன்ஸ் வொர்த் என்ற பெயரில். அது யார் பெயர்? அவளுடைய பணிப்பெண்ணின் பெயர்.

எண்ணிப் பாருங்கள். பேஷன்ஸ் என்றால் பொறுமை; வொர்த் என்றால் மதிப்பு. பொறுமையும் மதிப்பும் பெயரிலேயே உடைய அந்தப் பணிப்பெண்ணிடம் இருந்த ஒரே உடைமை அவளுடைய பெயர். அதையும் எசமானி எடுத்துக்கொண்டாள். பெயர் மாறுவேடத்துக்கு உதவிற்று. வேலை முடிந்ததும் கழற்றி எறியப்பட்டது. அப்பெயருக்கு உரியவளின் கதையைச் சொல்ல நாவலுக்கு நேரமில்லை.

வரலாற்றில் வர்ஜீனியாவின் முதல் மணமகள் பணிப்பெண் என்று கண்டோம். அதற்குப்பின் வந்தவர்களும் பேஷன்ஸ் வொர்த்துகளே. ரொட்டி சுடவும் வெண்ணெய் எடுக்கவும் கற்றவர்கள் அவர்கள். அரசவையிலிருந்து தப்பி வந்த அரசகுமாரிகள் அல்லர். உண்மை மணமகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, அவள் பெயரை மட்டும் ஏற்றிச் சென்றது கப்பல். அக்கதைக் கப்பலின் தலைவர் மேரி ஜான்ஸ்டன்தான். எசமானி பணிப்பெண்ணுக்குச் செய்ததையே நாவலாசிரியர் வரலாற்றுக்குச் செய்தார்.

இரண்டு இராத்தல் மணி

அப்படியானால் அவர்களைத் தலைவியராக வைத்துக் கதை எழுத இயலாதா? வீரமும் திருப்பமும் அவர்கள் வாழ்வில் இல்லையா? இருந்தன. கற்பனையை மிஞ்சும் அளவுக்கு இருந்தன.

1622 மார்ச் 22இல் பவத்தான் கூட்டத்துப் பழங்குடியினர், தம் நிலம் நாளுக்குநாள் பறிபோவது பொறாமல் குடியேற்றங்களைத் தாக்கினர். 347 பேர் மாண்டனர். நாவலும் இந்நிகழ்ச்சியைத் தன் இறுதிப்பகுதியில் பயன்படுத்திக்கொள்கிறது. தலைவனும் தலைவியும் பிழைத்து இணைகின்றனர், கதை முடிகிறது. வரலாறு அங்கே முடியவில்லை.

ஜேன் டிக்கன்சன் என்பவள் கணவனோடு வந்தவள். கணவன் ஒப்பந்த வேலையாள். தாக்குதலில் அவன் கொல்லப்பட்டான், அவள் சிறைப்பட்டாள். மாதங்கள் சென்றபின் ஜான் பாட் என்னும் மருத்துவர் அவளை மீட்டார். மீட்க அவர் கொடுத்தது இரண்டு இராத்தல் கண்ணாடி மணிகள். மீட்டவர் விடுதலை கொடுத்தாரா? இல்லை. இறந்த கணவன் முடிக்காமல் விட்ட ஒப்பந்தக் காலத்துக்காகவும், தான் கொடுத்த மணிகளுக்காகவும் அவள் தன்னிடம் ஊழியம் செய்யவேண்டும் என்றார். விடுதலை வேண்டுமாயின் 150 இராத்தல் புகையிலை கேட்டார்!

150 இராத்தல்! மணமகளாக ஒரு பெண்ணை வாங்க எவ்வளவோ, கைம்பெண்ணாக ஒருத்தி தன்னையே மீட்டுக்கொள்ளவும் அவ்வளவே. நுழைவுக்கும் ஒரே எடை. வெளியேறவும் ஒரே எடை. 1624இல் ஆளுநரிடம் அவள் முறையிட்டுக்கொண்டாள். பழங்குடியினரிடம் பட்ட அடிமைத்தனத்துக்கும் இந்த ஊழியத்துக்கும் தனக்கு வேறுபாடு தெரியவில்லை என்ற கருத்தை அம்முறையீட்டில் அஞ்சாது கூறினாள். எழுத்தாற்றல் மிக்க எந்தத் தலைவியின் வசனமும் இந்த ஒரு முறையீட்டுக்கு நிகராகுமா?

ஆன் ஜாக்சன் என்பவள் 1621இல் கப்பலேறிய மணமகளிருள் ஒருத்தி, தோட்டக்காரர் ஒருவரின் மகள், வயது 20. அவளுடைய அண்ணன் அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தான். அவளும் பழங்குடியினர் கையில் அகப்பட்டவள். மீண்டு வந்தபின் 1629இல் குடியேற்றத்தின் மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. முதற் கப்பலிலேயே அவளை இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டும். அதுவரை அண்ணன் அவளைக் காவலில் வைத்திருக்கவேண்டும். ஆணை அண்ணனுக்கு. வாழ்வு அவளுடையது. கப்பலேற்றி அனுப்பியோரும் ஆடவர். திருப்பி அனுப்பியோரும் ஆடவர்.

இன்னொருத்தியையும் காண்போம். சிசிலி ஜோர்டன் மணமகள் கப்பலில் வந்தவள் அல்லள். முன்பே வந்து வாழ்ந்தவள். 1623இல் கணவன் இறந்த சில நாட்களுக்குள் பாதிரியார் ஒருவர் மணம் பேச வந்தார். அவள் தன்னிடம் வாக்களித்துவிட்டாள் என்று அவர் ஊரெல்லாம் கூறினார். அவளோ வேறொருவரை மணப்பதாக அறிவித்தாள். பாதிரியார் வழக்குத் தொடுத்தார்; வழக்கு நிலைக்கவில்லை. ஆனால் ஆட்சிமன்றம் சும்மா இருந்ததா? இருவருக்கு வாக்களிக்கும் பெண் தண்டிக்கப்படுவாள் என்று ஆணை போட்டது. பெண் கிடைக்காத நாட்டில் பெண்ணுக்குத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் சற்றே கூடிற்று. கூடிய உடனேயே அதற்குக் கடிவாளமும் வந்தது.

1619 ஜூலையில் கூடிய வர்ஜீனியாவின் முதல் பேரவை, புதிய குடியேற்றத்தில் ஆண் அதிகம் தேவையா, பெண் அதிகம் தேவையா என்பதே அறியக்கூடவில்லை என்னும் கருத்தைக் கூறி, மனைவியர்க்கும் நிலப்பங்கு வேண்டும் என்று கேட்டது. சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் உடைமையை ஆள்பவன் கணவன். அவளைக் காட்டிப் பங்கு, ஆள்பவன் அவன். அதே 1619 ஆகஸ்டில்தான் அக்கரையில் ஆப்பிரிக்க மக்கள் இருபதுக்கு மேற்பட்டோர் விற்கப்பட்டனர். அவர்களுக்கு ஏட்டளவிலும் விருப்பம் என்ற சொல் இல்லை. 1662இல், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே பெறும் என்று வர்ஜீனியா சட்டம் செய்தது. ஆங்கிலப் பெண்ணின் வயிறு குடியேற்றத்தை வளர்க்க. ஆப்பிரிக்கப் பெண்ணின் வயிறு அடிமைக் கூட்டத்தை வளர்க்க. இரு கொடுமைகளும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றென்பது பின்னவளுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் இரண்டையும் எழுதியது ஒரே கணக்கப்பிள்ளையின் பேனா.

பழிச்சொல்லும் புகழ்ச்சொல்லும்

வேறொரு நாட்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி, கனடாவில் இருந்த தன் குடியேற்றத்துக்கு 1663 முதல் 1673 வரை ஏறத்தாழ 800 பெண்களை அனுப்பினான். 'மன்னனின் மகளிர்' என்று அவர்களுக்குப் பெயர். இங்கே மணமகன் விலை கொடுக்கவில்லை. அரசே பயணச் செலவை ஏற்று, பலருக்குச் சீர்ப்பணமும் அளித்தது. ஆங்கிலேயர் பரிசம் வாங்கினர். பிரெஞ்சுக்காரர் சீர் கொடுத்தனர். பெண்ணுக்கு விடுதலை எதில் என்று கேட்டால், இரண்டிலும் இல்லை என்பதே விடை. கப்பல் வந்த 15 நாட்களுக்குள் மணம் முடிக்காத பிரமச்சாரிகளுக்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உரிமை இல்லை என்று அங்கே ஆணையிட்டனர். பத்துப் பிள்ளை பெற்ற குடும்பத்துக்கு ஆண்டு உதவித்தொகை அறிவித்தனர். பரிசமாயினும் சீராயினும் கணக்குப் பார்ப்பவனின் கண் பெண்ணின் முகத்தில் இல்லை, வயிற்றில் இருந்தது.

அப்பெண்களுக்கு வரலாறு தந்த பரிசு யாது? ஒழுக்கங்கெட்டவர்களை ஏற்றி அனுப்பினார்கள் என்று லஹோன்தான் என்ற பிரபு 1703இல் வெளியிட்ட நூலில் எழுதிவைத்தார். அது அவதூறு என்று ஆவணங்களை ஆராய்ந்தோர் பின்னர் காட்டினர். ஆயினும் அவதூறு நெடுங்காலம் வாழ்ந்தது. தனியே கடல் கடந்த பெண்ணா, அவள் ஒழுக்கம் எப்படியோ என்று கேட்கும் நாக்கு எந்த நாட்டிலும் உண்டு போலும்!

பழிப்பவர் ஒரு பக்கம். காதற்கதை எழுதிப் புகழ்பவர் மறுபக்கம். பழிப்பவர் அவளை இழிமகள் ஆக்கினர். புகழ்பவர் அவளைப் பிரபுகுல மகள் ஆக்கினர். உழைத்துப் பிழைத்த சாதாரணப் பெண்ணாக அவளைப் பார்க்க இருசாராருக்கும் மனமில்லை. இரக்கம் என்ற பெயரில் அவளை வெறும் பலியாடு ஆக்குவோரும் உண்டு. அவர்களோடும் யாம் உடன்படோம். கடலைக் கண்டிராத பெண் கப்பலேறினாள்; கொள்ளை நோயும் பசியும் வாட்டிய மண்ணில் அடுப்பு மூட்டினாள்; முறையிட வேண்டிய இடத்தில் முறையிட்டாள். அவளுக்கு வேண்டியது நம் கண்ணீர் அன்று, நம் நேர்மை.

ஆசிரியரே கடந்து சென்ற நூல்

மேரி ஜான்ஸ்டனைக் குற்றம்சாட்டிவிட்டு முடித்துக்கொள்வது முறையாகாது. அவருடைய பிற்கால வாழ்வு, இந்நாவலுக்கு அவரே எழுதிய மறுப்புரை போன்றது. வர்ஜீனியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1909இல் தொடங்கிய சங்கத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர். மேடையேறிப் பேசினார். 1913இல் 'ஹேகர்' என்ற நாவலை எழுதினார். தன் உழைப்பில் வாழ்ந்து, தன் கருத்தில் நின்று, வாக்குரிமைக்குப் போராடும் பெண்ணே அதன் தலைவி. 1900இல் மணமகளைப் பிரபுகுலத்தில் தேடியவர், 13 ஆண்டுகளில் உழைக்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தார். மனிதர் வளர்வர் என்பதற்கு அவர் சான்று.

வளராதவர்கள் வாசகர்கள்! 'ஹேகர்' விற்கவில்லை, பழைய நாவலின் புகழுக்கு அருகிலும் வரவில்லை. அடிமைத்தனத்துக்குப் பூச்சூட்டியபோது கைதட்டிய கூட்டம், பூவை எடுத்துவிட்டு விலங்கைக் காட்டியபோது முகம் திருப்பிக்கொண்டது. நூலை எழுதுபவர் ஒருவர், நிலைநிறுத்துபவர் படிப்போர். ஆகவே இந்தத் திறனாய்வு மேரி ஜான்ஸ்டனுக்கு அன்று, படிக்கும் நமக்கு.

நாவலின் தலைப்பைப் பாருங்கள். 'கொள்ளவும் வைத்திருக்கவும்' என்பது அதன் பொருள். ஆங்கிலத் திருச்சபையின் திருமண உறுதிமொழியில் வரும் தொடர் அது. ஆனால் அதே தொடர் நிலத்தைக் கிரயம் செய்யும் பத்திரத்திலும் வரும்! நிலத்தை வாங்குபவன் கொள்ளவும் வைத்திருக்கவும் உரிமை பெறுகிறான். பழைய உறுதிமொழியில் கீழ்ப்படிவேன் என்று கூறவேண்டியவள் மனைவி மட்டுமே, கணவன் கூறவேண்டியதில்லை. நிலம் உழவனுக்குக் கீழ்ப்படிவதுபோல் அவளும் கீழ்ப்படியவேண்டும் போலும். பத்திரத்தின் சொல்லைக் காதலின் சொல்லாகப் படித்து மயங்கினர் இலட்சக்கணக்கானோர்.

அத்தகைய மயக்கத்தைத் தெளிவிக்கத்தான் இந்நாட்டில் சுயமரியாதைத் திருமணம் தோன்றிற்று. கீழ்ப்படிதல் இல்லை, தானமாகக் கொடுத்தல் இல்லை, இருவர் சமமாக நின்று செய்துகொள்ளும் வாழ்க்கை ஒப்பந்தம் அது. ஆண்டுகள் பல போராடி, 1967இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியபின்னரே அதற்குச் சட்ட ஏற்பு கிட்டிற்று. ஆனால் மேடையில் மாலை மாற்றிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் நகைக்கும் ரொக்கத்துக்கும் பேரம் பேசும் மணங்களை நாம் காணவில்லையா? வரதட்சணையைச் சட்டம் தடுத்தது 1961இல். தராசு மறையவில்லை, தட்டு மட்டும் மாறியிருக்கிறது. அங்கே ஆடவன் புகையிலையை வைத்தான். இங்கே பெண்ணைப் பெற்றவன் பொன்னை வைக்கிறான்.

எனவே, இளைஞர்களே, காதற்கதை ஒன்றைக் கையில் எடுக்கும்போது வீரனின் வாள் எவ்வளவு கூர்மை, நங்கையின் விழி எவ்வளவு அழகு என்று மட்டும் பாராதீர்கள். மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்தக் காதலுக்குக் கணக்கு எழுதியவன் யார்? விலையில் நிறுத்தப்பட்டது எது? பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே நின்றுபோனவள் யார்?

மூன்றாம் வினாவுக்கு விடை தேடத் தொடங்குங்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் பட்டியலில் மட்டும் அன்று. உங்கள் தெருவிலும், உங்கள் வீட்டு அடுக்களையிலும் பேஷன்ஸ் வொர்த் இருக்கக்கூடும். அவளுடைய பெயரைக் கேட்டு அறியுங்கள். பிறகு, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் கேட்க மறந்த கேள்வி அது.